அமிலத்தில் ரிஃப்ளக்ஸ் செய்த நானோகுழாயில் கார்பாக்சில் உண்மையில் எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டிருப்பவர் ஓர் ஆய்வு மாணவர். அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: விலைக்கு வாங்கிய பலசுவர் கார்பன் நானோகுழாய்களை, அடர் கந்தக அமிலமும் அடர் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்த கலவையில் ரிஃப்ளக்ஸ் செய்தார் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவைத்தார்), கழுவி உலர்த்திய பொடி நீரில் சீராகக் கலந்து நாள்கணக்கில் படியாமல் நின்றது, அகச்சிவப்பு நிறமாலையில் 1720 அலையெண் அருகே கார்பாக்சில் (–COOH) தொகுதியின் முகடும் தெரிந்தது. ஆனால் அதே பொடியின் மீது சிலிக்கா பூச்சு ஏற்றியபோது பூச்சு குழாயில் நிற்காமல் தனி உருண்டைகளாகப் பிரிந்தது. எபாக்சிப் பிசினில் கலந்தபோது இழுவலிமை உயரவில்லை. “அமில முறையை விட்டுவிட்டு வேறு எந்த முறைக்குப் போகலாம்?” என்று கேள்வியை முடித்திருக்கிறார். முறைகளின் பட்டியலைக் கேட்பதுபோல இது தோன்றினாலும், முதல் படி வெற்றி பெற்றதாக எல்லா அறிகுறிகளும் காட்டும்போது அடுத்த படி ஏன் தோற்கிறது என்பதே உண்மையான கேள்வி. இதற்கு விடை காணாமல் முறையை மாற்றினால், அதே சிக்கல் வேறு வடிவத்தில் திரும்ப வரும். பலசுவர்க் குழாய்களின் மேற்பரப்பு வேதியியலில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், முறைகளைப் பற்றிப் பேசும் முன் இதை விளக்க விரும்புகிறேன்.

நானோகுழாய் என்பது உருளையாக மூடிக்கொண்ட கிராஃபீன் தாள். சுமியோ ஈஜிமா 1991இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவை பலசுவர்க் குழாய்கள். ஒற்றைச்சுவர்க் குழாய்களை 1993இல் அவருடைய குழுவும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒரு குழுவும் தனித்தனியே அறிவித்தன. சுவரிலுள்ள ஒவ்வொரு கார்பனும் ஏறத்தாழ 0.142 நானோமீட்டர் தொலைவில் மூன்று கார்பன்களோடு பிணைந்திருக்கிறது. நிறைவுறாத பிணைப்பு எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அதனால் குறையற்ற பக்கச்சுவர் பெரும்பாலான வினைப்பொருள்களுக்கு இசைவதில்லை. எளிதில் வினைபுரிபவை குழாயின் மூடிகள், வெட்டுண்ட முனைகள், அறுகோண வலையில் ஐங்கோணமும் எழுகோணமும் புகுந்த இடங்கள், அணு இல்லாத வெற்றிடங்கள் ஆகியவைதான். அதே சமயம், இரண்டு ஒற்றைச்சுவர்க் குழாய்கள் நெடுக ஒட்டிக் கிடந்தால், அவற்றுக்கிடையிலான வான்டர்வால்ஸ் ஈர்ப்பு ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கு 500 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எதனுடனும் வினைபுரியாமலும் தமக்குள் இறுகப் பற்றிக்கொண்டும் இருக்கும் இந்தப் பொருளைப் பிரித்து, வேறொன்றோடு சேர்ந்திருக்கச் செய்வதற்காகத்தான் மேற்பரப்பில் வினைச்செயல் தொகுதிகளை ஏற்றுகிறோம்.

அமில முறை இதற்கான பழைய வழி. நைட்ரிக் அமிலம் பலசுவர்க் குழாய்களின் முனைகளைத் திறப்பதை 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு காட்டியது. 1998இல் ஸ்மாலியின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, நீங்கள் பயன்படுத்திய அதே மூன்றுக்கு ஒன்று கலவையில் மீயொலியும் சேர்த்து ஒற்றைச்சுவர்க் குழாய்களைச் சிறு துண்டுகளாக வெட்டியது. அமிலம் அங்கே நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. வினையூக்கியாக இருந்த இரும்பு, கோபால்ட் போன்றவற்றின் எச்சத்தைக் கரைக்கிறது; குழாயோடு கலந்திருக்கும் ஒழுங்கற்ற கரியை ஆக்சிஜனேற்றம் செய்கிறது; குறைபாடுள்ள இடங்களைத் தாக்கி அங்கே கார்பாக்சில், ஹைட்ராக்சில், கீட்டோன் தொகுதிகளை உருவாக்குகிறது; அந்த இடங்களிலேயே மேலும் தாக்கிக் கார்பனைக் கார்பன் டைஆக்சைடாக வெளியேற்றிக் குழாயை அறுத்துக் குட்டையாக்குகிறது. மூன்றாவது வேலைக்காக மட்டுமே நாம் அமிலத்தை நாடினாலும், அது நான்கையும் செய்துவிட்டுத்தான் ஓய்கிறது.

இரண்டாவது வேலையின் விளைவுதான் உங்கள் சிக்கலின் மையம் என்று கருதுகிறேன். ஒழுங்கற்ற கரியும், பழுதடைந்த வெளிச்சுவரின் பகுதிகளும் ஆக்சிஜனேற்றம் பெறும்போது முழுவதும் வாயுவாகப் போய்விடுவதில்லை. பல அரோமாட்டிக் வளையங்கள் சேர்ந்து, ஓரங்களில் கார்பாக்சில் நிறைந்த சிறு துண்டுகளாக அவை எஞ்சுகின்றன. மண்ணிலுள்ள மக்கிய கரிமச் சேர்மங்களான ஃபுல்விக், ஹியூமிக் அமிலங்களை ஒத்த இத்துண்டுகளின் தட்டையான வளையப் பகுதி, குழாயின் சுவரோடு பை எலக்ட்ரான் அடுக்குகளாகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. கார்பாக்சில் நிறைந்த ஓரம் நீரை நோக்கி நிற்கிறது. அதாவது, ஒரு சர்ஃபாக்டன்ட் (சோப்பைப் போல, நீரில் கலக்காததைக் கலக்கச் செய்யும் பொருள்) செய்யும் வேலையை இத்துண்டுகள் செய்கின்றன. உங்கள் பொடி நீரில் நின்றதும் அகச்சிவப்பில் முகடு தெரிந்ததும், குழாயின் சுவரில் ஒரு கார்பாக்சில்கூடச் சகப்பிணைப்பால் ஏறாதிருந்தாலும் நிகழக்கூடியவை. 2007இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒன்று பலசுவர்க் குழாய்களிலும் மற்றொன்று ஒற்றைச்சுவர்க் குழாய்களிலும், நீர்த்த காரத்தால் கழுவியதும் இத்துண்டுகள் கரைந்து பிரிவதை வெளியிட்டன. அதன்பின் வேறு பல ஆய்வகங்களும் இதை உறுதிசெய்திருக்கின்றன. இதற்கும் முன்பே, 2004இல், மின்வில் முறையில் கிடைத்த கரியை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றி நீர்த்த காரத்தில் பிரித்தெடுத்தபோதுதான், இன்று கார்பன் புள்ளிகள் என்று பெரிதாகப் பேசப்படும் ஒளிரும் துகள்கள் முதன்முதலில் கிடைத்தன. ஒருவர் குழாயைத் தூய்மை செய்யும்போது வடிகட்டிக்குக் கீழே போனது மற்றொருவருக்கு ஒரு புதிய துறையாகவே ஆயிற்று. இந்தத் துண்டுகளை இனி இங்கே எச்சத்துண்டுகள் என்றே குறிப்பிடுகிறேன்.

இதில் எது உறுதி, எது உறுதியல்ல என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அமில ஆக்சிஜனேற்றத்தில் எச்சத்துண்டுகள் உண்டாகின்றன என்பதும், அவை குழாயில் ஒட்டியிருக்கின்றன என்பதும், காரத்தில் கார்பாக்சில் தொகுதிகள் அயனியாகும்போது கரைந்து விலகுகின்றன என்பதும் உறுதி. ஒரு குறிப்பிட்ட மாதிரியில் மொத்தக் கார்பாக்சிலில் எத்தனை பங்கு எச்சத்துண்டில் இருக்கிறது, எத்தனை பங்கு சுவரில் இருக்கிறது என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. தொடக்கப் பொருளில் ஒழுங்கற்ற கரி எவ்வளவு இருந்தது, அமிலம் எவ்வளவு அடர்ந்தது, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலை என்பவற்றைப் பொறுத்து அது பெரிதும் மாறுகிறது. ஆகவே உங்கள் குடுவையில் நடந்ததும் இதுவேதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம்.

அமிலத்தில் ஆக்சிஜனேற்றிய பொடியில் சிறிதளவை எடுத்து, 0.1 மோலாருக்கு மேற்படாத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சூடாக்கிக் கலக்குங்கள். 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள, நீரை ஏற்கும் வகை டெஃப்லான் சவ்வில் வடிகட்டுங்கள். செல்லுலோஸ் தாளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அதிலிருந்து உதிரும் இழை பிறகு நிறமாலையில் ஆக்சிஜனாகத் தெரியும். வடிநீர் தெளிவாகவும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இறங்கினால் அது எச்சத்துண்டு. கலங்கிக் கறுப்பாக இறங்கினால் குழாயும் சேர்ந்து போகிறது என்று பொருள். அந்த நீரில் ஒரு சொட்டை உலர்த்தி ராமன் நிறமாலை எடுத்தால், குழாயின் அறுகோணக் கார்பன் வலைக்குரிய கூர்மையான ஜி முகடு தெரிகிறதா, அல்லது அகன்ற ஒளிர்வுப் பின்னணி மட்டும் இருக்கிறதா என்பது வேறுபாட்டைக் காட்டும். வடிநீர் நிறமற்றதாகும் வரை காரத்தாலும், பிறகு நடுநிலையாகும் வரை நீராலும் கழுவுங்கள். அடுத்து, பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஒருமுறை கழுவி, மீண்டும் நீரால் கழுவ வேண்டும். கார்பாக்சில் சோடியம் உப்பாகவே நின்றுவிட்டால் அதன் முகடு 1720இலிருந்து நகர்ந்து, குழாயின் கார்பன் பிணைப்பு அதிர்வு வரும் 1580 பகுதிக்குள் மறைந்துவிடும். அதைப் பார்த்துக் காரம் எல்லாக் கார்பாக்சிலையும் நீக்கிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மீண்டும் அமில வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகும் முகடு பெரிதும் தேய்ந்திருந்தால், நீங்கள் பார்த்தது சுவரின் கார்பாக்சில் அல்ல.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகச்சிவப்பு நிறமாலை, தொகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நானோகுழாய் அந்த ஒளியை நெடுக உறிஞ்சுவதால் அளவு சொல்வதிலும் அது நம்பத்தக்கதல்ல. ராமன் நிறமாலையில் 1350 அருகேயுள்ள டி முகட்டுக்கும் 1580 அருகேயுள்ள ஜி முகட்டுக்கும் உள்ள விகிதம் உயர்ந்தால் சுவரில் குறைபாடு கூடியது என்று பாடமாகச் சொல்கிறோம். ஒற்றைச்சுவர்க் குழாயில் இது பெரும்பாலும் சரியே. பலசுவர்க் குழாயில் உள்சுவர்கள் மாறாமல் இருந்து விகிதத்தைத் தணித்துவிடும். தவிர, ஒழுங்கற்ற கரி நீங்கினால் விகிதம் குறையும், சுவர் பழுதானால் உயரும், இரண்டும் ஒரே குடுவையில் நடக்கும்போது எண் மாறாமலே நிற்கவும் கூடும். விகிதம் மாறவில்லை என்பதைக் கொண்டு சுவர் சேதப்படவில்லை என்று எழுதப்பட்ட கட்டுரைகளை எச்சரிக்கையோடு படியுங்கள். நைட்ரஜன் சூழலில் எடுக்கும் வெப்ப எடையறி பகுப்பாய்வும், அமிலத் தொகுதிகளைக் காரத்தால் அளக்கும் போம் முறைத் தரம்பார்த்தலும், எக்ஸ்.பி.எஸ். எனப்படும் எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையும் அளவைச் சொல்லக்கூடியவை. ஆனால் அவையும் எச்சத்துண்டையும் சுவரையும் பிரித்தறிவதில்லை. காரக் கழுவலுக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால்தான் இந்தக் கருவிகள் அனைத்தும் பொருள் தருகின்றன.

இப்போது சிலிக்கா பூச்சுக்கு வருவோம். நீங்கள் பின்பற்றியது ஸ்டோபர் முறை: எத்தனாலில் டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிகேட், சிறிது நீர், அம்மோனியா. இந்த ஊடகம் பி.எச். 11 அளவில் காரத்தன்மை உடையது. அதாவது, எச்சத்துண்டைக் கழற்றுவதற்கு ஏற்ற ஊடகத்திலேயே நீங்கள் பூச்சை ஏற்றியிருக்கிறீர்கள். சிலிக்கா பற்ற வேண்டிய கார்பாக்சில் துண்டுகள் குழாயை விட்டுக் கரைசலுக்குள் வந்துவிட்டால், சிலிக்கா அங்கேயே கருக்கொண்டு உருண்டைகளாக வளரும். உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன்மேல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து வருவதைப் போன்றதுதான் இது. காரம் துண்டுகளைக் கழற்றும் என்பது நிறுவப்பட்டது. உங்கள் உருண்டைகளுக்கு அதுவே காரணம் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்வதற்குக் காரணம், அதே விளைவைத் தரக்கூடிய வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, அந்தக் காரத்தில் கார்பாக்சிலும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, சிலிக்காவும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும், ஆகவே கார்பாக்சில் மட்டும் இருப்பது சிலிக்காவுக்குச் சாதகமான மேற்பரப்பே அல்ல. மற்றொன்று, சிலிகேட்டை ஒரேயடியாக ஊற்றினால் செறிவு வரம்பைத் தாண்டி, எந்த மேற்பரப்பும் தேவையின்றிச் சிலிக்கா தானாகவே கருக்கொள்ளும்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு தீர்வு உண்டு. காரத்தால் கழுவிய குழாயை எடுத்து, அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன் போன்ற அமீன் முனையுள்ள சிலேனையோ, செட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்ற நேர்மின் சர்ஃபாக்டன்டையோ, பாலிவினைல் பைரோலிடோனையோ முதலில் இடைப்படலமாக ஏற்றுங்கள். பிறகு சிலிகேட்டை எத்தனாலில் நீர்த்து, சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் சேருங்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: குழாயைச் சுற்றி இடைவெளியில்லாமல் மூடிய சிலிக்கா உறைக்கும் குழாய்க்கும் இடையே சகப்பிணைப்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. உறை முழுமையாக மூடினால், அதன் வடிவமே அதைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பூச்சு உதிர்கிறது என்றால், பெரும்பாலும் அது உறையாகவே உருவாகவில்லை, மணிமணியாகத் தொற்றிக்கொண்டிருந்தது என்றே பொருள். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சோனிகேஷனுக்கு (மீயொலியால் கலக்குவதற்கு) முன் எடுத்த படத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

உறை எப்போது தொடர்ச்சியாக உருவாகும், எப்போது மணியாகத் திரளும் என்பது சிலிக்காவுக்கு மட்டுமான கேள்வி அல்ல. பூச்சு வேலை முழுவதற்கும் இதுவே அடிப்படை. 1994இல் துஜார்தானும் எப்பெசனும், பரப்பு இழுவிசை ஏறத்தாழ 100 முதல் 200 மில்லி நியூட்டன்/மீட்டர் என்ற வரம்புக்கு மேற்படாத திரவங்களே நானோகுழாயை நனைக்கும் என்று கண்டார்கள். நீரின் பரப்பு இழுவிசை 72தான் என்பதால் அது அந்த வரம்புக்குள் வருகிறது; உருகிய அலுமினியமோ 800க்கு மேல் போகிறது, அதனால்தான் அலுமினியக் கலப்புப்பொருள் செய்பவர்கள் குழாயின்மேல் முதலில் நிக்கலையோ வேறோர் இடைப்படலத்தையோ ஏற்றுகிறார்கள். ஆவியாக்கி உலோகத்தைப் படியவிட்டாலும் இதே நிலைதான்: ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாயின் குழு 2000இல் காட்டியபடி, டைட்டேனியம் தொடர் படலமாகவும், நிக்கலும் பல்லேடியமும் ஏறக்குறையத் தொடர் படலமாகவும் படிகின்றன, தங்கமும் அலுமினியமும் இரும்பும் தனித்தனித் துகள்களாகத் திரண்டுவிடுகின்றன. வாயுக்களை மாற்றி மாற்றிச் செலுத்தி அடுக்கடுக்காகப் பூசும் அணுப்படலப் படிவு முறையில் அலுமினா ஏற்ற முயன்றால், குறையற்ற சுவரில் வினைபுரிய எந்தத் தொகுதியும் இல்லாததால் குறைபாட்டு இடங்களில் மட்டும் மணிகள் முளைக்கும். ஹார்வர்டின் ஃபார்மரும் கோர்டனும் 2006இல் நைட்ரஜன் டைஆக்சைடையும் ட்ரைமெத்தில் அலுமினியத்தையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, சுவரைச் சேதப்படுத்தாத ஒரு இடைப்படலத்தை உண்டாக்கி அதன்மேல் சீரான அலுமினா உறையை வளர்த்தார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான வேலைகளில் அது ஒன்று: குழாயை உடைக்காமல், குழாய்க்கும் பூச்சுக்கும் இடையே இருவருக்கும் இசைவான ஓர் அடுக்கை மட்டும் வைத்தார்கள். கருவி வசதி குறைந்த ஆய்வகத்துக்கு அதற்கு இணையான எளிய வழி பாலிடோபமின். 2007இல் மெஸர்ஸ்மித் குழு அறிவித்த இம்முறையில் பி.எச். 8.5 அளவுள்ள ட்ரிஸ் தாங்கல் கரைசலில் டோபமினைக் கலந்து காற்றுபடக் கலக்கினால், ஏறத்தாழ எந்த மேற்பரப்பிலும் மெல்லிய படலம் ஏறுகிறது, அதன்மேல் உலோகத்தையோ ஆக்சைடையோ வளர்க்கலாம்.

எபாக்சியில் வலிமை உயராததற்கு எச்சத்துண்டு ஒரு காரணமாக இருக்கலாம்: கடினமாக்கும் அமீனும் எபாக்சி வளையமும் எச்சத்துண்டின் கார்பாக்சிலோடு வினைபுரிந்தால், பிசினின் பளு துண்டுவரை வந்து அங்கேயே நழுவிவிடும், குழாய்க்குக் கடத்தப்படாது. ஆனால் இந்த இடத்தில் நான் சிலிக்காவைப் பற்றிச் சொன்ன அளவுக்கு உறுதியாகப் பேச மாட்டேன். நீண்ட நேரம் கலவை அமிலத்தில் வைத்ததால் குழாய்கள் குட்டையாகியிருக்கலாம். உலர்த்தும்போது மீண்டும் கட்டியாகி, பிசினுக்குள் கட்டியாகவே நின்றிருக்கலாம். கார்பாக்சில் அமீனில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டதால் கடினமாக்கும் வினையின் சரிவிகிதமே குலைந்திருக்கலாம். உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். குழாய்கள் நீளமாக, சுத்தமாக உருவிக்கொண்டு வெளியே நீட்டியிருந்தால் இடைமுகம் பலவீனம்; திட்டுத் திட்டாகக் குழாய்க் கட்டிகள் தெரிந்தால் பரவல் பிழை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் வேதியியலை மாற்றுவதில் பயனில்லை. பொடியை முழுவதும் உலர்த்தாமல், நீரிலிருந்து அசிட்டோனுக்கு மாற்றி ஈரமாகவே பிசினுக்குள் கொண்டுபோவது பல நேரங்களில் புதிய வினையைவிட அதிகப் பலன் தருகிறது. அமிலம் துளியும் எஞ்சாமல் கழுவிய பொடிக்கு மட்டுமே இந்த அசிட்டோன் மாற்றத்தைச் செய்யுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வேறு சகப்பிணைப்பு முறைகளைக் கேட்டிருந்தீர்கள். 1998இல் ரைஸ் குழு செய்த ஃபுளூரினேற்றம், 2001இல் ஜேம்ஸ் டூர் குழு கொண்டுவந்த டயசோனியம் வினை, 2002இல் இத்தாலியில் மவுரிட்சியோ பிராட்டோவின் குழு நானோகுழாய்க்குக் கொண்டுவந்த அசோமீத்தின் இலைடு சேர்க்கை ஆகிய மூன்றும் அமிலத்தைப் போலச் சுவரை அறுக்காமல் பக்கச்சுவரிலேயே தொகுதியை ஏற்றுகின்றன. இவற்றுள் ஃபுளூரின் வாயு தகுந்த வசதியில்லாத ஆய்வகத்துக்கு உரியதல்ல. டயசோனியம் நீரிலேயே நடக்கும், எளிது; ஆனால் அரைல் தொகுதி குழாயில் ஏறுவதோடு நில்லாமல், ஏற்கெனவே ஏறிய அரைலின்மேலும் ஏறித் தடித்த படலமாகக்கூடும், ஆகவே எடையிழப்பை வைத்து எத்தனை இடங்கள் பிணைந்தன என்று கணக்கிடுவது மிகைப்படும். அமில முறைக்குப்பின் நீள்சங்கிலி அமீனைச் சேர்த்து அமைடு உருவாக்கிவிட்டோம் என்று பலர் எழுதுகிறார்கள்; தயோனைல் குளோரைடு போன்றவற்றால் கார்பாக்சிலைத் தூண்டாமல் வெறுமனே அமீனோடு சூடாக்கினால் கிடைப்பது பெரும்பாலும் அமீனும் அமிலமும் சேர்ந்த உப்புதான், அது கரைசல் மாறினால் பிரியும். எந்த முறையாயினும் சகப்பிணைப்பு ஏறிய ஒவ்வொரு கார்பனும் மூன்று அணுக்களோடு பிணைந்த எஸ்.பி.2 நிலையிலிருந்து நான்கு அணுக்களோடு பிணைந்த எஸ்.பி.3 நிலைக்கு மாறுகிறது, அங்கே மின்கடத்தல் தடைபடுகிறது. பலசுவர்க் குழாயில் வெளிச்சுவர் பலியாக, உள்சுவர்கள் கடத்திக்கொண்டிருக்கும்; ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு விட்டுக்கொடுக்க மாற்றுச் சுவர் கிடையாது.

மின்கடத்தலோ ஒளிர்வோ தேவையானால் சகப்பிணைப்பில்லா முறையே சரி. 2002இல் ரைஸ் குழு சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டில் தனித்தனியாகப் பிரித்த ஒற்றைச்சுவர்க் குழாய்கள் அகச்சிவப்பில் ஒளிர்வதைக் கண்டது. அமிலம் தொட்ட குழாயில் அந்த ஒளிர்வு அணைந்துவிடும். 2003இல் டூபான்ட் குழு டி.என்.ஏ. இழையால் குழாயைச் சுற்றிப் பிரித்தது. பைரீன் முனையுள்ள மூலக்கூறு ஒன்றைச் சுவரில் படியவைத்து, அதன் மறுமுனையில் புரதத்தைப் பிணைக்கும் முறையை டாயின் குழு 2001இல் தந்தது. உங்கள் எச்சத்துண்டு தற்செயலாகச் செய்வதை இது திட்டமிட்டுச் செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் சர்ஃபாக்டன்ட் சமநிலையில்தான் ஒட்டியிருக்கிறது. நீர்த்தாலும் கழுவினாலும் விலகும், எபாக்சியில் எஞ்சினால் பிசினை மென்மையாக்கும். உங்கள் இரண்டு நோக்கங்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், சிலிக்காவுக்கான இடைப்படலமாகத் தவிர.

ஆகவே அமில முறையைக் கைவிடச் சொல்லவில்லை. அதைத் தணிக்கச் சொல்கிறேன். கலவை அமிலத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலத்தை மட்டும், அடர்த்தியைக் குறைத்து, குறைந்த நேரம் பயன்படுத்துங்கள். பிறகு காரக் கழுவல், அமிலக் கழுவல், நீர். மூன்று மாதிரிகளை இணையாக நடத்துங்கள்: வாங்கியபடியே இருக்கும் குழாய், ஆக்சிஜனேற்றியது, ஆக்சிஜனேற்றிக் காரத்தால் கழுவியது. மூன்றிலும் அதே சிலிக்கா, அதே எபாக்சி. அமில வேலையின்போது நைட்ரஜன் ஆக்சைடு புகை வரும், ஃபியூம் ஹூடுக்கு வெளியே செய்யவே கூடாது. நைட்ரிக் அமிலம் எஞ்சியிருக்கும் குடுவையிலோ கழிவுப் பாட்டிலிலோ அசிட்டோனையோ எத்தனாலையோ ஊற்றாதீர்கள்; அந்தச் சேர்க்கை வெடிக்கக்கூடியது. கழுவிய குடுவையை விரைவில் உலர்த்த அசிட்டோன் ஊற்றும் பழக்கம் எல்லா ஆய்வகங்களிலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உலர்ந்த பொடியைக் கையாள்வதிலும் கவனம் தேவை. நீண்ட, விறைத்த பலசுவர்க் குழாய்கள் எலிகளின் வயிற்றறைச் சவ்வில் ஆஸ்பெஸ்டாஸ் நாரைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதை 2008இல் எடின்பரோவைச் சேர்ந்த குழு காட்டியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல், எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்ற குறிப்பிட்ட வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனும் 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தச் சான்று போதாது என்றது. அமெரிக்காவின் தொழிற்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த உச்சவரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். குழாய் குட்டையாகி, மேற்பரப்பு நீரை ஏற்பதாக மாறினால் இந்தத் தீங்கு குறைவதைச் சில விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வினைச்செயல் தொகுதி ஏற்றிய குழாய் எல்லாம் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு அவை இடம் தரவில்லை. முடிந்தவரை ஈரமாகவே கையாளுங்கள், எடை போடுவதை மூடிய இடத்தில் செய்யுங்கள்.

காரக் கழுவலின் வடிநீர் என்ன நிறத்தில் இறங்கியது, மீண்டும் அமிலமாக்கிய பிறகு 1720 முகடு எவ்வளவு எஞ்சியது, சோனிகேஷனுக்கு முன் எடுத்த நுண்ணோக்கிப் படத்தில் சிலிக்கா உறையாக இருந்ததா மணியாக இருந்ததா, எபாக்சியின் உடைந்த பரப்பில் குழாய்கள் உருவியிருந்தனவா கட்டியாக இருந்தனவா என்ற இந்த நான்கையும் இங்கேயே எழுதுங்கள். அவற்றோடு குழாயின் விட்டம், நீளம், விற்பனையாளர் குறிப்பிட்ட தூய்மை, அமிலத்தில் வைத்த நேரம் ஆகியவையும் இருந்தால், எத்தனை மணி நேரத்துக்குக் குறைக்கலாம் என்பதையும் எந்த இடைப்படலம் ஏற்றது என்பதையும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முயல்கிறேன்.